8 நிமிஷம் இல்லைங்க ஐயா, 8 செகண்டு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல, கொடைக்கானல் நாயுடுபுரத்துல நாங்க மூணு பேர் சேந்து பழைய ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா பேசுற ரேடியோ) ஸ்டேஷன் ஒண்ண திரும்ப கட்டி அதுல படம் அனுப்புறத பத்தி ஒரு சின்ன நியூஸ் வந்துச்சு. போட்டதுக்கு ரொம்ப நன்றி. ஆனா "ஒரு புகைப்படம் அனுப்ப 8 நிமிடம்"னு அச்சாகிருச்சு. அது 8 செகண்டு ஐயா. நிமிஷம்னு வந்ததுல இருந்து டீக்கடைப் பக்கம் போக முடியல, "என்னண்ணே படம் கெளம்பிருச்சா, வடை தின்னுட்டு வந்துரலாமா"ன்னு ஆளாளுக்கு கேக்குறான். அத திருத்தச் சொல்லித்தான் எழுத உக்காந்தேன், எழுத ஆரம்பிச்சதும் அதவிட முக்கியமா ஒண்ணு சொல்லணும்னு தோணுது, கடைசியில வர்ற அந்த கேசட் விஷயம். கொஞ்சம் நீளமாயிருச்சுன்னா மன்னிக்கணும்.

நான் 35 வருஷம் டிவி மெக்கானிக். இந்த மலையில டவர் வர்றதுக்கு முன்னாடி அலுமினியக் கம்பத்த வானத்துக்கு நட்டு சிலோன் ரூபவாஹினி புடிச்சுக் குடுத்தவங்கள்ல நானும் ஒரு ஆளு. அப்புறம் எங்க மலை டவர்ல இருந்துதான் கீழ மதுரை, தேனி, திண்டுக்கல்னு எல்லா ஊருக்கும் படம் போச்சு. அதனால படம் காத்துல போறது எனக்கு ஒண்ணும் அதிசயம் இல்ல. ஆனா படம் சத்தமா போகும், அத டேப் ரெக்கார்டர்ல புடிச்சு வச்சு நாப்பது வருஷம் கழிச்சு திரும்ப படமாக்கலாம்ங்குறது எனக்கு அறுபது வயசுக்கு மேலதான் தெரிஞ்சுது.

கதை என்னன்னா, கீழ்மலையில ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவ காலி பண்ணாங்க. அங்க இருந்த பெரியவர் தவறிப் போயி ரொம்ப வருஷமாச்சு. பேரு போட வேண்டாம்னு குடும்பத்துல கேட்டுக்கிட்டாங்க, அதனால நானும் பெரியவர்னே சொல்றேன். அவரு லைசென்ஸ் வாங்குன ஹாம். இரும்புக் கடைக்காரரு எனக்கு தெரிஞ்சவரு, "அண்ணே ஒரு பெரிய பொட்டி, உள்ள பூரா வால்வு, செம்புக்காக ஒடைக்கப் போறேன் பாக்குறீங்களா"ன்னு போன் போட்டாரு. போயிப் பாத்தா 807ங்குற வால்வு (பழைய ரேடியோவுல வர்ற கண்ணாடிக் குழாய்) ரெண்டு போட்டு கையால கட்டுன டிரான்ஸ்மிட்டர். சேசிஸ்ல ஓட்டை போட்ட இடத்துல எல்லாம் பிசிறு தட்டி அம்புட்டு நறுவிசா இருந்துச்சு. எடை போட்டுத்தான் வாங்குனேன், எம்புட்டுன்னு சொன்னா வீட்ல திட்டுவாங்க. அது கூடவே கம்பளியில சுத்துன ஒரு டியூப்பு, ஒரு கோடு போடாத நோட்டு, பிஸ்கட் டப்பாவுல முப்பது கேசட்டு.

அந்த டியூப்பப் பாத்ததும் நான் ஏதோ ஆசிலோஸ்கோப் டியூப்புன்னு நெனச்சேன். இல்ல. 5எஃப்பி7னு போட்டிருந்துச்சு, அஞ்சு இன்ச்சு வட்டம். ரெண்டாம் உலகப்போர்ல ரேடாருக்கு பண்ண டியூப்பு. சென்னை மூர் மார்க்கெட்ல வாங்குனதா நோட்டுல எழுதியிருக்காரு, அந்த மார்க்கெட்டே 1985ல எரிஞ்சு போச்சு. சாதாரண டிவி டியூப்புல புள்ளி பட்டு உடனே அணைஞ்சுரும். இதுல அப்படி இல்ல, ரெண்டு பூச்சு. எலக்ட்ரான் பட்டதும் ஒரு பூச்சு பளிச்சுனு நீலமா மின்னும், அந்த நீல வெளிச்சம் பட்டு இன்னொரு பூச்சு மஞ்சளா எரியும், அது செகண்டு கணக்குல மெல்ல மெல்லத்தான் அணையும். ராத்திரி அடுப்பு தணிஞ்சப்புறம் கங்கு கிடக்குமே, அந்த மாதிரி.

ஏன் அப்படி ஒரு டியூப்புன்னா, படம் வர்றது அம்புட்டு மெதுவா. டிவி படத்துக்கு 5 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேணும், ஹாம் ரேடியோவுல பேசுறதுக்கு இருக்குறது 3 கிலோஹெர்ட்ஸ்தான். அண்டாவுல இருக்குற தண்ணிய ஸ்ட்ரா வழியா ஊத்துற கதை. ஊத்தலாம், நேரம் ஆகும், அவ்ளோதான். 1950கள் கடைசியில அமெரிக்காவுல கென்டக்கி யுனிவர்சிட்டியில படிச்சுக்கிட்டு இருந்த காப்தோர்ன் மெக்டொனால்டுங்குற பையன்தான் இத செஞ்சு காட்டி, 1958ல கியூஎஸ்டிங்குற ஹாம் பத்திரிகையில எழுதுனாரு. அப்புறம் நெலச்ச முறையில ஒரு படத்துக்கு 120 கோடு, 8 செகண்டு. படத்துல கருப்புன்னா 1500 ஹெர்ட்ஸ் சத்தம், வெள்ளைன்னா 2300 ஹெர்ட்ஸ், நடுவுல இருக்குற சாம்பல் எல்லாம் நடுவுல. ஒவ்வொரு கோடும் ஆரம்பிக்கும்போது 1200ல ஒரு சின்ன வெட்டு, அது 5 மில்லி செகண்டு, படமே புதுசா ஆரம்பிக்குதுன்னா அதே வெட்டு 30 மில்லி செகண்டு. காதுல கேட்டா ராகம் தெரியாத ஆளு புல்லாங்குழல் ஊதுற மாதிரி இருக்கும். முதல்ல மெக்டொனால்டு சத்தத்தோட பலத்த வச்சுத்தான் வெளிச்சம் காட்டியிருக்காரு, ஆனா ஷார்ட்வேவ்ல சிக்னல் ஏறி எறங்கும், ஏறுனா படம் வெளுக்கும் எறங்குனா கருக்கும். அதனால அப்புறம் சுருதிய வச்சு மாத்துனாங்க. பாட்டு தூரத்துல கேட்டாலும் பக்கத்துல கேட்டாலும் ஸ்வரம் மாறாதுல்ல, அதான் சூத்திரம்.

பெரியவரு நோட்டுல இன்னொரு விஷயம் இருந்துச்சு, அது புரியுறதுக்குள்ள எங்களுக்கு ரெண்டு மாசம் போச்சு. கோடு ஓடுற வேகத்துக்கு தாளத்த வீட்டுக் கரண்டுல இருந்துதான் எடுப்பாங்க. அமெரிக்காவுல கரண்டு செகண்டுக்கு 60 சைக்கிள். அத நாலால வகுத்தா செகண்டுக்கு 15 கோடு, 120 கோட்டுக்கு 8 செகண்டு சரியா வரும். நம்ம ஊர்ல 50 சைக்கிள். நாங்க அமெரிக்க சர்க்யூட் வரைபடத்த பாத்து அப்படியே நாலால வகுக்குற சர்க்யூட்ட கட்டிட்டோம், 12.5 வந்துச்சு, படம் நிக்கவே இல்ல. பெரியவரு நோட்டுல ஓரத்துல சின்னதா "மூணால வகு"ன்னு எழுதியிருந்தாரு. 50ல மூணுல ஒரு பங்கு, செகண்டுக்கு 16.67 கோடு, அப்ப ஒரு படம் 7.2 செகண்டு. ஆக ஐயா, கறாரா பாத்தா எங்க ஸ்டேஷனுக்கு 8 செகண்டு கூட இல்ல. திருத்தம் போடும்போது 8 செகண்டுன்னே போடுங்க, 7.2ன்னு போட்டா டீக்கடையில அதுக்கு ஒண்ணு சொல்லுவானுங்க.

எங்க மூணு பேர்ல லைசென்ஸ் இருக்குறது ஒருத்தருக்குத்தான், வில்பட்டிப் பக்கத்து தம்பி, ஜெனரல் கிரேடு பாஸ் பண்ணவரு. அவரு இல்லாம நாங்க மைக்க தொடுறது கூட இல்ல. இத ஏன் சொல்றேன்னா உங்க நியூஸ் பாத்துட்டு ரெண்டு காலேஜ் பசங்க வந்து "அங்கிள் நாங்களும் ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டுறோம்"னாங்க. கட்டுங்க, ஆனா பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிட்டு ஆன் பண்ணுங்க. 12 வயசு ஆனாலே எழுதலாம், ஆரம்ப கிரேடுக்கு இப்ப மோர்ஸ் கூட கெடையாது.

கட்டுன கஷ்டத்த எல்லாம் சொன்னா பேப்பர் பத்தாது. டிவியில படுக்கைக் கோடு செகண்டுக்கு 15625, அதுக்கு டிரான்ஸ்பார்மர் வச்சு யோக்க (டியூப்பு கழுத்துல மாட்டி புள்ளிய நகத்துற காயில) ஓட்டிப் பழகுன கை இது. இங்க மேல இருந்து கீழ ஒரு தடவ எறங்கவே ஏழு செகண்டு, எந்த டிரான்ஸ்பார்மரும் அத கடத்தாது, நேரடியா டிரான்சிஸ்டர் வச்சு ஓட்டணும், அது கொதிக்கும். ஈஎச்டிக்கு, அதாவது டியூப்புக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜுக்கு, ஒரு பழைய பிளாக் அண்ட் ஒயிட் போர்ட்டபிள் டிவியோட பாகத்த தனியா ஓட்டுனேன். அதுல ஒருக்கா கைய வச்சு செவுத்துல போயி மோதுனேன், 35 வருஷ சர்வீஸ்ல வாங்காத அடி. வீட்ல யாரும் அந்தப் பகுதிய மட்டும் வெளையாட்டுக்கு தொட்றாதீங்க.

கேமரா கெடையாது. பெரியவரும் கேமரா வச்சுக்கல. அவரு பண்ணது, வேகமா அணையுற ஒரு டியூப்புல வெளிச்சப் புள்ளிய ஓட விட்டு, அது முன்னாடி போட்டோ நெகட்டிவ வச்சு, பின்னாடி 931ஏ போட்டோமல்டிப்ளையர் டியூப்பால எம்புட்டு வெளிச்சம் தாண்டி வருதுன்னு அளக்குறது. நெகட்டிவ் நெகட்டிவாத்தான வரும்னு கேப்பீங்க, ஒரு சுவிட்ச தட்டுனா கருப்பு வெள்ளையாயிரும், வெள்ளை கருப்பாயிரும், பிரிண்டு போடுற செலவே இல்ல. அவரோட நெகட்டிவ் எல்லாம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸோட இந்து பிலிம். அந்த பேக்டரியும் இப்ப இல்ல. பிலிம் மட்டும் நல்லாருக்கு.

ஆன்டெனா 33 அடி கம்பி, ரெண்டு தைல மரத்துக்கு நடுவுல. 14.230 மெகாஹெர்ட்ஸ்ல உலகம் பூரா படம் அனுப்புறவங்க கூடுற எடம், அதுக்கு அந்த நீளம். ரெண்டாவது வாரம் ராத்திரி காட்டுமாடு வந்து இழுகயித்துல கொம்ப மாட்டி, கயிறோட கம்பியும் சேத்து பீன்ஸ் தோட்டத்துக்குள்ள கொண்டு போயிருச்சு. பீன்ஸ்காரரு எங்கள சும்மா விடுவாரா. இப்ப கயித்த ஒம்பதடி ஒசரத்துல கட்டியிருக்கோம், அப்புறம் மாடு வரல, கொரங்குதான் வருது.

இன்னொண்ணு, 807 வால்வுக்கு பேச்சுன்னா மூச்சு விட நேரம் கெடைக்கும், படம் அனுப்பும்போது விடாம ஒரே பவர்ல நிக்கணும், தகடு செவந்து போயிரும். பாதி பவர்தான் குடுக்கணும்னு நோட்டுல ரெண்டு கோடு போட்டு எழுதியிருந்தாரு. நாங்க படிச்சுட்டும் கேக்கல. ஒரு வால்வு போச்சு.

இப்ப யாரும் 8 செகண்டு படம் அனுப்புறது இல்ல. எல்லாரும் கலருக்குப் போயி பல வருஷமாச்சு, மார்ட்டின், ஸ்காட்டின்னு முறைகள் இருக்கு, மார்ட்டின் ஒண்ணுல ஒரு படத்துக்கு 114 செகண்டு ஆகும், லேப்டாப்போ போனோ இருந்தா சும்மாவே பாத்துரலாம். (நிமிஷக் கணக்கு வேணும்னா உங்க நிருபர் அத போட்டிருக்கலாம்!) சர்வதேச விண்வெளி நிலையத்துல இருந்தே 145.800 மெகாஹெர்ட்ஸ்ல அப்பப்ப படம் வரும், மலை மேல நின்னு கைக்குள்ள அடங்குற ரேடியோவ ஆகாசத்துக்கு காட்டி தம்பி புடிச்சுத் தந்தாரு, அது தனி சந்தோஷம். ஆனா எங்க பொட்டிக்கு அது புரியாது. அதனால தம்பி ஈமெயில்ல பேசி ஜப்பான்ல ஒரு பழைய ஹாம் கிட்ட நாள் குறிச்சோம். முதல் நாள் அந்த அலைவரிசையே செத்துக் கெடந்துச்சு. சூரியன்ல ஒரு வெடிப்பு வந்தா இங்க பகல்ல ஷார்ட்வேவ் அடங்கிப் போகும். நம்ம அப்சர்வேட்டரியில நூறு வருஷத்துக்கு மேல சூரியன படம் புடிச்சுக்கிட்டு இருக்காங்க, டூரிஸ்ட கூட்டிட்டுப் போயி அத எத்தன தடவ காட்டியிருப்பேன், அந்த கரும்புள்ளிக்கும் என் பொட்டிக்கும் சம்பந்தம் இருக்குன்னு அன்னைக்குத்தான் ஒறச்சுது.

மறுநாள் காலையில வந்துச்சு. கதவ சாத்தி, ஜன்னல்ல போர்வைய தொங்கவிட்டு, மூணு பேரும் அஞ்சு இன்ச்சுக் கண்ணாடிக்கு முன்னாடி தலைய முட்டிக்கிட்டு இருந்தோம். மேல இருந்து கோடு கோடா எறங்குது. கீழ்க்கோடு வர்றதுக்குள்ள மேல்கோடு மங்க ஆரம்பிக்குது, ஒரு படத்த முழுசா பாத்தோம்னு சத்தியமா சொல்ல முடியாது, அதனாலதான் அந்தக் காலத்துல ஒரே படத்த மூணு நாலு தடவ திரும்பத் திரும்ப அனுப்புவாங்க. நாலாவது தடவதான் அது ஒரு பூனைன்னு தெரிஞ்சுது. தம்பி கத்துன கத்துல பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துட்டாங்க.

நாங்க பதிலுக்கு தமிழ்ல "வணக்கம்"னு பெருசா எழுதி அனுப்புனோம். அவரு புடிச்ச படத்த ஈமெயில்ல அனுப்புனாரு. பாத்தா "வணககம". புள்ளியெல்லாம் காணோம்! 120 கோட்டுல எழுத்து முழுசா நின்னுச்சு, மேல இருக்குற புள்ளிதான் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல மாட்டி காணாம போயிருச்சு. பெரியவரு இதுக்கும் வழி வச்சிருந்தாரு, அவரோட நெகட்டிவ்ல பாத்தா புள்ளிய வைக்காம எழுத்து தலையில குட்டி வட்டம் போட்டிருக்காரு, கிட்டத்தட்ட பாதி எழுத்து சைசுக்கு. முதல்ல பாத்தப்ப கொழந்தைங்க கிறுக்குனதுன்னு நெனச்சோம்.

இப்ப கேசட் விஷயத்துக்கு வர்றேன்.

டிவி படத்த அந்தக் காலத்துல சேத்து வைக்கணும்னா பெரிய வீடியோ மிஷின் வேணும். இந்தப் படம் வெறும் சத்தம், அதனால சாதாரண கேசட் போதும், வர்ற படத்த டேப் பண்ணி வச்சு வேணுங்குறப்ப ஓட விட்டுப் பாத்துக்கலாம். பெரியவரு அப்படித்தான் முப்பது கேசட் வச்சிருந்தாரு, 1976ல இருந்து 1983 வரைக்கும் தேதி இருக்கு. பேரப்பிள்ளைங்களுக்கு அது என்னன்னு தெரியல. போட்டுக் கேட்டிருக்காங்க, "கீய்ங் கீய்ங்"னு கேட்டிருக்கு, கெட்டுப் போன கேசட்டுன்னு நெனச்சு மேல சினிமாப் பாட்ட பதிஞ்சுட்டாங்க. பதினோரு கேசட் அப்படியே போச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, கேசட் வெல வித்த வெலைக்கு எங்க வீட்லயும் அதத்தான் பண்ணியிருப்போம்.

மிச்சம் பத்தொம்பதுல முதல் கேசட்ட போட்டப்ப படம் ஒரே கருப்பு. பெல்ட் தொவண்டு போயி டேப் மெதுவா ஓடியிருக்கு. நூத்துக்கு மூணு பங்கு மெதுவா ஓடுனா 2300 வர வேண்டிய எடத்துல 2231தான் வரும், வெள்ளை சாம்பலாயிரும், கருப்பு அதுக்கும் கீழ போயிரும், 1200 வெட்டு 1164க்கு எறங்கி பில்டர்ல சிக்காமலே போயிரும். பாட்டு கேக்குறப்ப இந்த மூணு பங்கு யாருக்கும் தெரியாது. புது பெல்ட் போட்டு, தம்பி லேப்டாப்ல சத்தத்த கோடா காட்டுற ப்ரோக்ராம ஓட விட்டு, வெட்டு சரியா 1200ல வந்து நிக்குற வரைக்கும் மோட்டார் ஸ்குரூவ திருகுனேன். அப்புறம் ஒவ்வொரு படமா வந்துச்சு. கால் சைன் (ஒவ்வொரு ஹாமுக்கும் இருக்குற அடையாளக் குறி) எழுதுன அட்டைங்க, ஹெட்போன் மாட்டுன யார் யாரோ, ஒரு பனி மூடுன வீடு, ஒரு சைக்கிள். முக்கால்வாசிப் பேரு இப்ப உயிரோட இருக்க மாட்டாங்க.

ஒரு கேசட்டுல சினிமாப் பாட்டு முடிஞ்சப்புறம் கடைசியில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, பாட்டு அதுவரைக்கும் எட்டல போல. அதுல பெரியவரு தானே அனுப்புன படம். ஒரு பொம்பளையாளு, காப்பி காய வைக்குற களத்துல நிக்குற மாதிரி. குடும்பத்த கூப்பிட்டுக் காட்டுனோம். பெரிய மக "அண்ணே இது எங்கம்மா"ன்னு அழுதுருச்சு. மகன் இல்லவே இல்லங்குறாரு, அம்மா கொண்டைய அப்படிப் போட மாட்டாங்க, இது தோட்டத்துல வேல பாத்த அக்கா ஒருத்தங்கன்னாரு. 120 கோட்டுல ஒரு மொகத்துக்கு என்ன வரும், மூக்கு ஒரு நெழலு, கண்ணு ரெண்டு கருப்பு. நாலு தடவ ஓட்டுனோம், ரெண்டு பேரும் விட்டுக் குடுக்கல. அதோட நெகட்டிவ் கெடைக்கல, பிரிண்டு இல்ல. அந்தப் படம் அந்த டேப்புல மட்டும்தான் இருக்கு.

அதனாலதான் ஐயா கேக்குறேன். இந்த மலையிலயும் சரி, ஊட்டி குன்னூர் பக்கமும் சரி, கீழ மதுரையிலயும் சரி, அந்தக் காலத்து ஹாம் வீடு எதுவோ இருக்கும், பரண்ல கேசட் இருக்கும், மேல இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் கலந்து ஏதோ எழுதியிருக்கும், போட்டா கீய்ங்னு கேக்கும். கெட்டுப் போன கேசட்டுன்னு தூக்கிப் போட்றாதீங்க. உங்க பேப்பர் ஆபீசுக்கு அனுப்பச் சொன்னா நான் வந்து வாங்கிக்கிறேன், காசு வேண்டாம், படத்த எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு கேசட்ட பத்திரமா திருப்பிக் குடுத்துருவோம். பழைய பிளேயர்ல போட்டுப் பாக்க வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க, ரப்பர் ரோலர் பிசுபிசுன்னு இருந்தா டேப்ப இழுத்து மென்னுரும். அப்புறம் கேசட்டோட முதுகுல ரெண்டு ஓரத்துலயும் சின்னதா பிளாஸ்டிக் பல்லு இருக்கும், அத ஒடச்சு விட்டுட்டா மேல யாரும் பதிய முடியாது. இன்னைக்கே ஒடச்சுருங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய டிவி மெக்கானிக்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.